நீலம் தேடி – 11: ஊட்டிச் செடி அல்ல

கானாம்வாழையின் நீலம் மதியத்துக்குள் கரைந்துபோவதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். பொழுது சாய்ந்தும் நிற்கும் நீலம் வேண்டுமென்றால் நீல சால்வியா. அதை விதைக்கும் முறை இந்த வாரம் என்பது வாக்கு. ஆனால் விதைப்பதற்கு முன் ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டும். 'அது மலைச் செடி, திருவண்ணாமலை வெயிலுக்கு ஆகாது' என்ற எண்ணம் பலருக்கு உண்டு. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சியில் தொட்டி தொட்டியாக அதைப் பார்த்ததால் வந்த எண்ணம் இது. பார்த்த இடத்தைப் பிறந்த இடம் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. கடைகளில் நீல சால்வியா என்று கிடைப்பது பெரும்பாலும் சால்வியா ஃபரினேசியா. அதன் பிறப்பிடம் டெக்சாஸும் அதை ஒட்டிய மெக்சிகோவின் வடபகுதியும். கோடையில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், சுண்ணாம்பு மிகுந்த, வறண்ட நிலம் அது. 1833-ல் ஜார்ஜ் பெந்தம் இதற்கு வைத்த பெயரின் பொருளே 'மாவு பூசியது'. பூங்கொத்துத் தண்டிலும் புல்லிவட்டத்திலும் படர்ந்திருக்கும் வெண்பொடி போன்ற நுண்மயிரைப் பார்த்து வைத்த பெயர். வெயிலோடு பழகி வளர்ந்த செடி என்பதற்கு அதன் ஊரே சாட்சி.

சால்வியா என்ற பெயரில் ஒரே ஒரு செடி இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மெக்சிகோவின் குளிர்ந்த மேட்டுநிலத்திலிருந்து வந்த சால்வியா பேட்டன்ஸ் என்றொரு உறவு உண்டு. திருவண்ணாமலைக்கு ஆகாதது உண்மையில் அதுதான். ஆனாலும் அதைக் கடந்துபோக மனம் வரவில்லை, ஏனென்றால் அதன் நீலம் உருவாகும் விதம் அப்படி. கத்தரிக்காய்த் தோலுக்கு ஊதா தரும் டெல்ஃபினிடின் குடும்பத்து நிறமிதான் இந்தப் பூவிலும் இருக்கிறது. தனியாக விட்டால் அது ஊதாவோடு நின்றுவிடும். பூவிதழின் செல்லுக்குள்ளோ அந்த நிறமியின் ஆறு மூலக்கூறுகளும், ஃப்ளேவோன் என்ற வெளிர்நிறப் பொருளின் ஆறு மூலக்கூறுகளும் இரண்டு மக்னீசியம் அயனிகளைச் சுற்றி ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்கில்தான் ஊதா நீலமாகிறது. இதே ஆறு, ஆறு, இரண்டு என்ற கணக்கு கானாம்வாழையின் கிழக்காசிய உறவான காமெலைனா கம்யூனிஸிலும் இருக்கிறது. அதன் அமைப்பை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992-ல் வெளியிட்டார்கள். இரண்டு பூக்களிலும் உள்ள நிறமிகூட ஒன்றேதான். காமெலைனா ஒருவித்திலை, சால்வியா இருவித்திலை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே கிளை பிரிந்த இரண்டு குலங்கள், கண்டம் விட்டுக் கண்டம் இருந்துகொண்டு, நீலத்துக்கு ஒரே வழியைக் கண்டிருக்கின்றன. இலையின் பச்சையத்தின் நடுவில் இருப்பதும் மக்னீசியம்தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், பச்சைக்கும் நீலத்துக்கும் செடி ஒரே உலோகத்தைத்தான் எடுத்தாள்கிறது. அதற்காக யாரும் எப்சம் உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டாம். இலை பச்சையாக இருந்தாலே செடிக்கு மக்னீசியம் கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வழக்குக்குத் திரும்புவோம். வெயில் எதிரி இல்லை என்றால், கீழ்நாட்டில் இந்தச் செடி ஏன் சாகிறது? வேரில் தேங்கும் தண்ணீரால். திருவண்ணாமலைக்கு ஆண்டில் ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை. தென்மேற்கும் தரும், வடகிழக்கும் தரும். கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களில் அது எவ்வளவு கொட்டக்கூடும் என்பதை 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது மலைச்சரிவு இடிந்து உயிர்களைக் கொண்டுபோன நாளில் ஊர் கண்டது. வறண்ட சுண்ணாம்பு நிலத்துச் செடி இப்படிப்பட்ட ஈரத்தில் அழுகத்தான் செய்யும். ஆகவே ஊரை மாற்ற வேண்டியதில்லை, பட்டத்தை மாற்றினால் போதும். ஐப்பசியில் கூரைக்கடியில் நாற்று விட்டு, தீபம் முடிந்து மழை ஓய்ந்ததும் நட்டால் மாசியில் பூ. செம்மண்ணோடு மணலைத் தாராளமாகக் கலக்க வேண்டும், தொழுவுரத்தைக் குறைக்க வேண்டும். உரம் மிகுந்தால் இலைதான் மிகும். பங்குனியில் பூத்து ஓய்ந்த தண்டுகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் உச்சிவெயிலுக்கு ஒரு மறைப்பு போதும்.

கோயில் ஊரில், மாலைக்கும் ஆகாத அந்நியப் பூ எதற்கு என்று கேட்கலாம். அந்நியம் என்ற வாதம் நிற்காது. இன்று எந்தக் கோயில் வாசலிலும் குவிந்து கிடக்கும் செண்டுமல்லியும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். அதோடு சால்வியா அவ்வளவு அந்நியமும் இல்லை. சிவனுக்குச் சாத்தும் தும்பையும், துளசியும், திருநீற்றுப்பச்சிலையும் அதே குடும்பம். சதுரத் தண்டும் இரண்டு உதடுகளாகப் பிளந்த பூவும் அந்த உறவைக் காட்டும். மாலைக்கு ஆகாது என்பது மெய்தான், நாரில் நிற்காது. ஆனால் அந்தப் பூவைத் தேடி வருவது தேனீ. தேனீ உள்ளே நுழையும்போது மகரந்தத் தாள் ஏற்றமரம் போலச் சாய்ந்து அதன் முதுகில் மகரந்தத்தைத் தடவும் பொறிமுறை சால்வியாக்களின் பெருமை. ஜெர்மனியின் ஷ்ப்ரெங்கல் அதை 1793-லேயே எழுதிவைத்தார். இந்தச் செடியில் அந்த ஏற்றம் எங்கே தாங்கி நிற்கிறது என்பதைப் படத்தோடு அடுத்த வாரம் பார்ப்போம். வாக்களித்த விதைப்பும் அதோடு சேர்த்துத்தான். ஐப்பசிக்குள் எழுதிவிடுவேன், அதுவரை விதைப் பொட்டலத்தை ஈரம் படாமல் வைத்திருங்கள்.