விற்பனை வேறு, இலாபம் வேறு

“கடையில் கூட்டம் குறைவில்லை, கல்லாப்பெட்டியில்தான் காசு தங்குவதில்லை.” சிறுதொழில் செய்வோர் பலர் இவ்வாறு வருந்தக் கேட்டிருக்கிறோம். இதற்குக் காரணம் என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முறுக்குச் சுட்டு விற்கும் ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம். பொட்டலத்தின் விலை 20 ரூபாய். மாவு, எண்ணெய், எரிவாயு, உறை ஆகியவற்றிற்கு 17 ரூபாய். கடைக்காரருக்குக் கமிஷன் 2 ரூபாய். மீதி 1 ரூபாய். மாதம் 2,000 பொட்டலங்கள் விற்றால் விற்பனை 40,000 ரூபாய்! ஆனால் மிஞ்சுவது 2,000 ரூபாயே. அதுவும் இடவாடகைக்குச் சரியாகிவிட்டால், அதிகாலை முதல் அடுப்படியில் நின்ற அவருக்குக் கூலி ஏது?

விலையை 22 ரூபாயாக உயர்த்துவோம். விற்பனை 1,500 பொட்டலங்களாகக் குறைந்தாலும், பொட்டலத்திற்கு 3 ரூபாய் வீதம் 4,500 ரூபாய் கிடைக்கும். வாடகை போக 2,500 ரூபாய் அவர் கையில் நிற்கும். வேலையும் குறைவு.

விலையேற்றம் மட்டுமே வழியன்று. சரக்கை மொத்தமாக வாங்குதல், நொறுங்கி வீணாவதைத் தடுத்தல், கடன் பாக்கியை உரிய நாளில் வசூலித்தல், வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் கை வைக்காதிருத்தல் ஆகியனவும் வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் அடிப்படை கணக்கேடு. இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்கி, 1494-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் நூல் அச்சிட்ட லூக்கா பச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது.

எனவே தோழியரே, “எவ்வளவு விற்றது?” என்பதோடு நில்லாமல், “எவ்வளவு மிஞ்சியது?” என்றும் கேட்டுப் பழகுவோமாக!