தேய்ந்த விரல் கேட்கிறது!

உழைப்பவன் விரலிலே ரேகை தேய்கிறது. உட்கார்ந்து உண்பவன் விரலிலே கலையாமல் நிற்கிறது! தேய்ந்த விரலைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்கிறது இயந்திரம்!

பாகூர் வயலிலே நாற்று நட்ட விரல், வில்லியனூரிலே களிமண் பிசைந்து சுடுமண் சிற்பம் சமைத்த விரல், செங்கல் சுமந்த விரல் — இவற்றின் ரேகையைச் சேறும் மண்ணும் சிறுகச் சிறுக அரித்துவிடுகின்றன. வங்கி முகவரின் ஆதார் கருவி "பொருந்தவில்லை" என்றால், கணக்கிலே பணமிருந்தும் கையிலே காசில்லை!

குற்றம் கையிலா, கருவியிலா? கருவியிலேதான் என்போம் நாம். சாதாரணக் கருவி மேல்தோலின் மேடு பள்ளத்தை மட்டுமே பார்க்கிறது. மேடு தேய்ந்தால் அதற்குக் கண் தெரியாது.

விஞ்ஞானம் இதற்கு வழி கண்டிருக்கிறது. பல நிற ஒளியை விரலிலே பாய்ச்சிப் படமெடுக்கிறார்கள். ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் ஆழம் செல்லும். ரேகையின் வேர் உள்தோலிலே இருக்கிறது; நுண்ணிய ரத்தக் குழாய்களும் அந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளன. மேலே அழிந்தது உள்ளே வாழ்கிறது! அமெரிக்காவின் லூமிடைம் நிறுவனம் இம்முறையைக் கருவியாக்கிற்று, 2014-ல் எச்.ஐ.டி. குளோபல் அதனை வாங்கிற்று. ரப்பர் விரல் காட்டி ஏய்ப்போரை இனம் காணவும் இந்த ஒளி உதவும்.

வரவேற்கிறோம். ஆனால் தோழர்களே, தோலுக்குள் நுழைந்த ஒளி ரேகையோடு நிற்குமா? முகத்துத் தோலிலே ரத்தத்தின் உயிர்வளி மாறுவதைத் தொலைவிலிருந்தே அளந்து, "இவன் மனம் பதறுகிறான்" என்று சொல்ல ஆராய்ச்சி நடக்கிறது. வெயிலிலே வெந்தவன் முகம் மாறினால், அது கள்ளமா, களைப்பா? கருவி எப்படி அறியும்?

கறுத்த தோலிடம் ஒளிக்கருவி தடுமாறுவதும் உண்டு. விரலிலே மாட்டும் ஆக்சிஜன் மானி, கறுப்பின நோயாளிகளின் ஆபத்தான குறைவைக் காணத் தவறியது வெள்ளையரைவிட ஏறத்தாழ 3 மடங்கு என்று 2020-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். உழவன் தோலுக்கு ஏற்றதா என்று சோதிக்காத கருவி உழவனுக்கு எதற்கு?

வேலைத்தலத்திலே செயற்கை அறிவு கொண்டு உணர்ச்சியை ஊகிப்பதை, மருத்துவமும் பாதுகாப்பும் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடுத்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் நம் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: ஒளி உள்ளே செல்லட்டும், கூலியைக் கொடுக்க! உள்ளத்தை உளவு பார்க்க வேண்டாம். கருவி தவறினால் ஊரறிந்த முகம் சாட்சியாகட்டும். தேய்ந்த விரலே உழைப்பின் முத்திரை. அதைத் திருப்பி அனுப்பாதீர்!