வெளிச்சத்தைத் தின்னும் ஒரு ஓம்

பழைய லாரியின் ஹெட்லைட் மங்கினால் முதல் பழி பல்பின் மேல்தான் விழும். புது பல்ப் மாட்டியும் சாலை தெளிவாகத் தெரியவில்லை என்றால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடிப் போனால், ஒரு விளக்கு எரிவதற்குள் எத்தனை நுட்பம் அடங்கியிருக்கிறது என்பது புரியும்.

பல்பிலிருந்தே தொடங்குவோம். லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். 1971-இல் அறிமுகமான எச்4 வகை ஹாலஜன் பல்புக்குள் இரண்டு மின்னிழைகள், அதாவது ஒளிரும் டங்ஸ்டன் கம்பிச்சுருள்கள், இருக்கின்றன: பிரைட்டுக்கு 75 வாட், டிம்முக்கு 70 வாட். டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறிப்பதால், ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே எழும் கதிர்கள் பிறப்பதே இல்லை. எதிரே வருபவரின் கண் கூசாமல் காப்பது இந்தக் கிண்ணம்தான்.

எரியும்போது இழை ஏறத்தாழ 2,800 டிகிரி செல்சியஸில் தகிக்கிறது. ஆவியாகிப் பிரியும் டங்ஸ்டனை உள்ளேயுள்ள ஹாலஜன் பிடித்து, மறுபடி இழையிலேயே சேர்த்துவிடுகிறது. அதனால் கண்ணாடி கறுப்பதில்லை. ஆனால் மின்னழுத்தம் சற்றே மாறினாலும் இந்த இழை அதைக் காட்டிவிடும். 10 சதவீதம் குறைந்தால் ஒளி சுமார் 30 சதவீதம் குறையும். 5 சதவீதம் கூடினால் பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

இப்போது களிம்பேறிய ஓர் இணைப்பை எண்ணிப் பாருங்கள். எரியும் 75 வாட் இழையின் மின்தடை, அதாவது மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மை, சுமார் 7.7 ஓம். களிம்பு வெறும் ஒரு ஓம் சேர்த்தாலே 24 வோல்ட்டில் ஏறத்தாழ 2.8 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. விளக்கின் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்த இணைப்போ ஏழு வாட்டுக்கு மேல் வெப்பம் கக்கிக்கொண்டிருக்கும். ஹோல்டர்கள் உருகிப்போவதற்கு இதுவே காரணம்.

இந்தக் களிம்பு மீட்டரையும் ஏமாற்றும். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்தால் 24 வோல்ட் முழுதாகக் காட்டும். அடைப்புள்ள குழாயில்கூடத் தண்ணீர் அழுத்தம், திருகை மூடியிருக்கும்வரை குறையாமல்தான் இருக்கும். திறந்தால்தான் குட்டு வெளிப்படும். எனவே விளக்கை எரியவிட்டபடியே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனை பல்பின் எர்த் முனையில். காட்டும் எண் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் திரும்பும் பாதை சுத்தம். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் திருடன் அங்கேதான்.

திரும்பும் பாதை என்பது பெரும்பாலான லாரிகளில் தனி ஒயர் அல்ல, சேசிஸ் இரும்பேதான். ஒரு பக்க விளக்கின் எர்த் முழுதாக அறுந்தால் விந்தை நடக்கும். டிம் போட்டதும் மின்சாரம் அந்த பல்பின் டிம் இழைக்குள் போய், வெளியேற வழியின்றி, அதே பல்பின் பிரைட் இழைக்குள் தலைகீழாக நுழையும். பிறகு பிரைட் ஒயரில் ஓடி, மறுபக்க பல்பின் பிரைட் இழை வழியாக எர்த்தைத் தேடிக்கொள்ளும். மூன்று இழைகள் 24 வோல்ட்டைப் பங்கிட்டுச் செந்நிறத்தில் மினுங்கும். டாஷ்போர்டின் பிரைட் குறிவிளக்கும் சேர்ந்து மினுங்கக்கூடும். பார்த்தால் ஒயரிங் முழுவதும் எரிந்துபோனது போலிருக்கும். குற்றவாளி ஒரே ஒரு துருப்பிடித்த போல்ட்.

நீண்ட ஒயரில் வீணாகும் மின்னழுத்தத்தை மிச்சப்படுத்த வந்தது ரிலே. 1835-இல் ஜோசப் ஹென்றி உருவாக்கிய கருவி இது. சுவிட்ச் தரும் சிறு மின்னோட்டம் ஒரு சுருளைக் காந்தமாக்கும். காந்தம் ஒரு தகட்டை இழுக்கும். பெரிய மின்னோட்டம் சுவிட்சுக்குப் போகாமலே, பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் விளக்கை அடையும். ரிலே இல்லாத பழைய லாரிக்கு அதைப் பொருத்தினால் மங்கிய விளக்கு பளிச்சிடும்.

ஆகவே முதல் கேள்வி: மங்குவது ஒரு விளக்கா, இரண்டுமா? ஒன்று என்றால் அந்தப் பக்கத்து பல்ப், ஹோல்டர், எர்த். இரண்டும் என்றால் பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், ரிலே. கூடுதல் வாட் பல்ப் மாட்டுவது தீர்வல்ல. அது அதிக மின்னோட்டத்தை இழுத்து, களிம்பேறிய இணைப்பை இன்னும் சூடாக்கும். எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து இறுக்குவதுதான் முதல் வைத்தியம்.