மில்லர்ஸ் கிராசிங் (திரைப்படம்)

மில்லர்ஸ் கிராசிங் என்பது 1990 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கக் குற்றக்கதைத் திரைப்படம் ஆகும். ஜோயல் கோயன், ஈத்தன் கோயன் என்னும் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து இதன் திரைக்கதையை எழுதினர். இயக்குநராக ஜோயலின் பெயரும் தயாரிப்பாளராக ஈத்தனின் பெயரும் இடம்பெற்றன. அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலத்தில், 1929 ஆம் ஆண்டு வாக்கில், பெயர் சொல்லப்படாத ஒரு நகரில் கதை நடக்கிறது. நகருக்கு வெளியே காட்டுப் பகுதியில் ஆட்களைக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொல்லும் இடத்தின் பெயரே படத்தின் பெயராயிற்று. விசுவாசம் என்றால் என்ன, துரோகம் எங்கே தொடங்குகிறது என்பவை இப்படத்தின் மையக் கேள்விகள்.

வரலாற்றுப் பின்புலம்

கதையைப் புரிந்துகொள்ள, அக்கால அமெரிக்காவைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க அரசியலமைப்பின் 18 ஆவது திருத்தம் 1919 இல் ஏற்கப்பட்டு, 1920 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. மதுவைத் தயாரிப்பதும் விற்பதும் கொண்டுசெல்வதும் இதனால் குற்றமாயின. ஆனால் மது அருந்துவதை அத்திருத்தம் தடை செய்யவில்லை. வாங்குவோர் அப்படியே இருக்க, விற்போர் மட்டும் சட்டத்துக்குப் புறம்பானவர் ஆயினர். இந்த இடைவெளியில்தான் கள்ளச்சாராயக் கும்பல்கள் செழித்தன. 1933 டிசம்பரில் 21 ஆவது திருத்தம் வந்து மதுவிலக்கை நீக்கியது.

சட்டத்துக்கு உட்பட்ட வணிகத்தில் ஒருவர் ஏமாற்றினால் மற்றவர் நீதிமன்றம் செல்லலாம். கள்ளச்சாராய வணிகத்தில் அது முடியாது. எழுதி வைத்த ஒப்பந்தம் இல்லை. முறையிட நடுவரும் இல்லை. கொடுத்த வாக்கு மட்டுமே உண்டு. அதை மீறியவனுக்குத் தண்டனை துப்பாக்கிதான். இவ்வகைப் படங்களில் விசுவாசம் என்னும் சொல் இவ்வளவு கனமாக ஒலிப்பதற்கு இதுவே காரணம். அங்கே விசுவாசம் ஒரு நற்பண்பு மட்டுமன்று. தொழில் நடப்பதற்கான அடிப்படையும் அதுவே.

முதன்மைக் கதைமாந்தர்

டாம் ரீகன் (காப்ரியல் பைர்ன்): லியோவின் ஆலோசகன். சூதாட்டத்தில் கடன்பட்டவன்.
லியோ ஓபானன் (ஆல்பர்ட் ஃபின்னி): நகரை ஆட்டிவைக்கும் ஐரிஷ் வம்சாவளித் தலைவர்.
ஜானி காஸ்பர் (ஜான் பொலிட்டோ): லியோவை எதிர்த்து வளரும் இத்தாலிய வம்சாவளித் தலைவர்.
எடி டேன் (ஜே. ஈ. ஃப்ரீமேன்): காஸ்பரின் வலக்கை.
வெர்னா (மார்சியா கே ஹார்டன்): லியோவின் காதலி.
பெர்னி (ஜான் டர்டுரோ): வெர்னாவின் தம்பி, பந்தயப் பணம் பிடிக்கும் புக்கி.
மிங்க் (ஸ்டீவ் புஸ்செமி): டேனுக்கும் பெர்னிக்கும் வேண்டியவன்.

கதைச்சுருக்கம்

காஸ்பர் ஒரு முறையீட்டோடு லியோவிடம் வருவதில் படம் தொடங்குகிறது. முடிவை முன்கூட்டியே பேசிவைத்த குத்துச்சண்டைகளில் அவர் பணம் கட்டுகிறார். அந்த இரகசியத்தைப் பெர்னி வெளியே விற்றுவிடுகிறான். எனவே பெர்னியைக் கொல்ல அனுமதி வேண்டும் என்கிறார். ஒருவன் விலைபேசி முடித்த சண்டையைக்கூட நம்ப முடியாவிட்டால் உலகில் வேறு எதை நம்புவது என்பது அவர் வாதம். மோசடி செய்பவர் நேர்மையைப் பற்றி உருக்கமாகப் பேசும் இக்காட்சி சிரிப்பை வரவழைக்கும். ஆனால் படம் முழுவதற்குமான கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

பெர்னியை விட்டுக்கொடுப்பதே அறிவு என்கிறான் டாம். வெர்னாவின் மேலுள்ள காதலால் லியோ மறுத்துவிடுகிறார். அதே வெர்னாவோடு டாமுக்கும் இரகசிய உறவு உண்டு என்பது லியோவுக்குத் தெரியாது. இரு கும்பல்களுக்கும் மோதல் மூள்கிறது. லியோ வெர்னாவை மணக்கப்போவதாகச் சொன்னதும் டாம் உண்மையை ஒப்புக்கொள்கிறான். லியோ அவனை எல்லார் முன்னிலையிலும் அடித்துத் துரத்துகிறார்.

டாம் காஸ்பரிடம் போய்ச் சேர்கிறான். அவனைச் சோதிக்க, பெர்னியை மில்லர்ஸ் கிராசிங்கில் கொல்லும்படி உத்தரவு வருகிறது. பெர்னி மண்டியிட்டு, நெஞ்சைத் தொட்டுப் பார் என்று கதறுகிறான். டாம் வேறு பக்கம் சுட்டுவிட்டு அவனைத் தப்ப விடுகிறான். உயிர்ப்பிச்சை பெற்ற பெர்னியோ ஊரை விட்டுப் போகாமல் திரும்பி வந்து டாமையே மிரட்டுகிறான்.

இதற்கிடையே சந்தேகம் கொண்ட டேன், பிணத்தைக் காட்டு என்று டாமைக் காட்டுக்கு இழுத்துச் செல்கிறான். அங்கே முகம் சிதைந்த ஒரு பிணம் கிடக்கிறது. அது மிங்கின் உடல். பெர்னி கொன்று போட்டது. அதனால் டாம் பிழைக்கிறான். பிறகு டேன் துரோகி என்று காஸ்பரை நம்பவைக்கிறான். காஸ்பர் தன் கையாலேயே டேனைக் கொல்கிறார். டாம் போட்ட திட்டப்படி காஸ்பர் பெர்னியின் கையால் சாகிறார். கடைசியில் பெர்னி மீண்டும் அதே வார்த்தைகளால் கெஞ்சும்போது டாம் அவனைச் சுட்டுவிடுகிறான். நகரம் மீண்டும் லியோவின் கைக்கு வருகிறது. லியோ மன்னித்து அழைத்தும் டாம் திரும்பிச் செல்லவில்லை.

விசுவாசமும் துரோகமும்

படத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடப்பாடு இருக்கிறது. வெர்னா தம்பிக்காக எதையும் செய்வாள். லியோவோடு அவள் பழகுவதிலும் தம்பியைக் காப்பாற்றும் நோக்கம் கலந்திருக்கிறது. லியோ காதலுக்காகத் தன் ஆட்சியையே பணயம் வைக்கிறார். நகர மேயரும் காவல்துறைத் தலைவரும் பதவிக்கு மட்டுமே விசுவாசமானவர்கள். நேற்று லியோவின் அறையில் கைகட்டி நின்றவர்களே, காற்று மாறியதும் அவருடைய மதுக்கூடங்களைச் சோதனையிட ஆள் அனுப்புகிறார்கள்.

எடி டேனின் முடிவு தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது. கொடூரமானவன் ஆயினும், செஞ்சோற்றுக் கடனை மறவாதவன். டாமைப் பற்றி அவன் சொன்னவை அனைத்தும் உண்மை. ஆயினும் உண்மை சொன்னவன் சாகிறான். பொய் சொன்னவன் பிழைக்கிறான். நேர்மையைப் பற்றி ஓயாது பேசிய காஸ்பர், தமக்கு மெய்யாக உழைத்த ஒருவனைத் தாமே கொன்றுவிடுகிறார். நம்பிக்கையை மட்டும் முதலாகக் கொண்ட தொழிலில் சந்தேகத்தை விதைத்தால் போதும், கும்பல் தானாகவே அழிந்துவிடும் என்பதை டாம் அறிந்திருக்கிறான்.

டாம் விசுவாசியா, துரோகியா? லியோவின் காதலியோடு பழகியது துரோகம். ஆனால் எதிரிக் கும்பலுக்குள் புகுந்து அவன் செய்தவை எல்லாம் முடிவில் லியோவுக்கே பயன்பட்டன. அது முதலிலேயே போட்ட திட்டமா, உயிர் தப்ப அவ்வப்போது செய்த தந்திரமா என்பதைப் படம் சொல்வதில்லை. லியோவே கேட்கும்போதும், எல்லாவற்றையும் ஏன் செய்தோம் என்று ஒருவனுக்கு எப்போதும் தெரியுமா என்ற பொருளில்தான் அவன் பதில் சொல்கிறான். முதல்முறை இரக்கம் காட்டியவன் இரண்டாம்முறை சுடுகிறான். நண்பனைக் காப்பாற்ற அவன் கொடுத்த விலை அதுதான். லியோவோடு சேர்ந்து வாழ அதன்பின் அவனால் முடியவில்லை.

தொப்பி

காட்டில் காற்று ஒரு தொப்பியை அடித்துச் செல்லும் காட்சி தொடக்கத்திலேயே வருகிறது. பின்னர் டாம் அதைத் தன் கனவாக வெர்னாவிடம் சொல்கிறான். அவன் தொப்பியைத் துரத்தியிருப்பான் என்று அவள் ஊகிக்க, அவன் மறுக்கிறான். தொப்பியைத் துரத்தி ஓடுபவனைவிட நகைப்புக்குரியவன் இல்லை என்பது அவன் எண்ணம். அடிபடும்போதும் தோற்கும்போதும் அவன் தலையிலிருந்து தொப்பி விழுகிறது. உடனே எடுத்துப் போட்டுக்கொள்கிறான். கடைசிக் காட்சியிலும் தொப்பியைச் சரிசெய்தபடியே லியோ நடந்து செல்வதைப் பார்த்து நிற்கிறான். மனத்தை வெளிக்காட்டாமல் மறைக்கும் மூடி என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இலக்கிய மூலம்

அமெரிக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர் டேஷியல் ஹாமெட்டின் தாக்கம் இப்படத்தில் தெளிவாகத் தெரிகிறது. எழுத்தாளர் ஆவதற்கு முன் அவர் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் பணியாற்றியவர். அரசியல் தலைவர் ஒருவருக்கும் அவருடைய ஆலோசகனுக்கும் இடையிலான நட்பைக் கூறும் ‘தி கிளாஸ் கீ’, ஒரு நகரின் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு அழிக்கும் ‘ரெட் ஹார்வெஸ்ட்’ ஆகிய இரு புதினங்களின் சாயல்களும் இதில் உண்டு. எனினும் இது எந்த ஒரு புதினத்தின் நேரடித் திரைவடிவமும் அன்று.

உருவாக்கம்

திரைக்கதையின் சிக்கலில் கோயன் சகோதரர்கள் இடையில் மேலே எழுத முடியாமல் நின்றனர். அந்த இடைவெளியில் எழுதிய ‘பார்ட்டன் ஃபிங்க்’ 1991 இல் வெளிவந்தது. எழுத வராமல் தவிக்கும் எழுத்தாளன் ஒருவனின் கதை அது. லியோ வேடத்துக்கு முதலில் தேர்வான டிரே வில்சன் 1989 இல் காலமானதால், ஆல்பர்ட் ஃபின்னி அவ்வேடத்தை ஏற்றார். படப்பிடிப்பு நியூ ஆர்லியன்சு நகரில் நடந்தது. பாரி சோனன்ஃபெல்ட் ஒளிப்பதிவு செய்தார். கார்ட்டர் பர்வெல் ஒரு பழைய ஐரிஷ் மெட்டை அடிப்படையாக வைத்து முதன்மை இசையை அமைத்தார். லியோவைக் கொல்ல ஆட்கள் வீடு புகும் காட்சியில், ஃபிராங்க் பேட்டர்சன் பாடிய ‘டேனி பாய்’ பாடல் பின்னணியில் ஒலிக்கிறது. மென்மையான அப்பாடலும் தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் ஓசையும் கலந்த அக்காட்சி இன்றும் பேசப்படுகிறது.

வரவேற்பு

வசூலில் படம் தோல்வியடைந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 50 இலட்சம் டாலர் மட்டுமே ஈட்டியது. செலவு அதைவிடப் பன்மடங்கு. மார்ட்டின் ஸ்கோர்செசியின் ‘குட்ஃபெல்லாஸ்’ அதே பருவத்தில் வெளியாகிப் பெரும் கவனம் பெற்றதையும் நினைவிற்கொள்ள வேண்டும். சான் செபாஸ்தியான் திரைப்பட விழாவில் ஜோயல் கோயனுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. 2005 இல் டைம் இதழ் வெளியிட்ட சிறந்த 100 திரைப்படங்களின் பட்டியலிலும் இப்படம் இடம்பெற்றது. பெயர்களும் சூழ்ச்சிகளும் விரைந்து வருவதால் முதல்முறை பார்ப்போருக்குக் குழப்பம் நேர்வது இயல்பு. யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு இரண்டாம்முறை பார்த்தால், கதை தெளிவாக விளங்கும்.