கவுண்டரில் சொன்ன வார்த்தையும் கையில் வாங்க வேண்டிய காகிதமும்

"உங்க மாமியார் முதியோர் பென்ஷன் வாங்குறாங்க இல்லையா? அப்போ உங்களுக்கு உரிமைத்தொகை வராதும்மா. ஃபார்ம் எழுதிக் குடுத்தும் பிரயோஜனமில்ல."

2023 ஜூலையில் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்துக்கு விண்ணப்ப முகாம்கள் தொடங்கியபோது ஒரு ஊழியர் இப்படிச் சொல்லியிருந்தால் அது தவறில்லை. அன்றைய விதி அப்படித்தான் இருந்தது. ஆகஸ்டில் அரசு அந்த விதியைத் தளர்த்தியது. முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் குடும்பத்தில் இருக்கும் தகுதியுள்ள மற்றப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்து, ஆகஸ்ட் 18, 19, 20 தேதிகளில் சிறப்பு முகாம்களும் நடத்தியது. அதற்குப் பிறகும் யாராவது பழைய பதிலையே சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தால், அது தவறான ஆலோசனை. அதை நம்பி வீடு திரும்பிய பெண் விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பம் இல்லாததால் நிராகரிப்பும் இல்லை. நிராகரிப்பு இல்லாததால் மேல்முறையீட்டுக்கும் வழியில்லை. ஒரு வாய்ச்சொல் மாதம் 1,000 ரூபாயை எடுத்துக்கொண்டுவிடும், எந்தக் கோப்பிலும் அதற்குத் தடயம் இருக்காது.

சென்னை கோடம்பாக்கத்தில் இது அன்றாட விஷயம். டிரஸ்ட்புரத்திலும் ரங்கராஜபுரத்திலும் ஜக்கரியா காலனியிலும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், தையல் தொழிலாளர்கள், கட்டடத் தொழிலாளர்கள், சினிமா செட்டில் லைட் தூக்கியவர்கள் எனப் பலருடைய மாதக் கணக்கு நல வாரியம், முதியோர் ஓய்வூதியம், பி.எஃப். ஓய்வூதியம், போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு ஆகியவற்றை நம்பி ஓடுகிறது. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். அதனால் கவுண்டரில் சொல்வதையே கடைசி முடிவாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

அதிகாரியின் சொல்லுக்கு என்ன மதிப்பு?

இதற்குப் பழனியில் நடந்த ஒரு வழக்கே பதில். 1995இல் அருள்மிகு தண்டாயுதபாணி சுவாமி கோயில் நிர்வாகம், பழனி அஞ்சலகத்தில் ஐந்தாண்டு வைப்புத் திட்டத்தில் ஒரு கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு மேல் போட்டது. அஞ்சலகமும் மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டது. சில மாதங்கள் கழித்து, நிறுவனங்கள் அந்தத் திட்டத்தில் சேர 1995 ஏப்ரல் 1 முதலே அனுமதி இல்லை என்று கடிதம் வந்தது. அசல் திரும்பியது, வட்டி வரவில்லை. மாநில நுகர்வோர் ஆணையம், தேசிய ஆணையம், கடைசியாக 2011இல் உச்ச நீதிமன்றம் என மூன்று இடங்களிலும் கோயில் தோற்றது. விதிக்கு மாறாகத் தொடங்கிய கணக்குக்கு வட்டி கிடையாது என்று விதியே சொல்கிறது. புதிய அறிவிப்பு அஞ்சலக அதிகாரிக்குத் தெரியாமல் போனதால் அந்த விதி மாறிவிடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

விதி தராத சலுகையை அதிகாரியின் வாக்கு தராது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். ஆனால், தருவதற்கு அரசுக்கு அதிகாரம் இருந்து, அதைத் தருவதாக அரசே உறுதி கூறி, அதை நம்பி ஒருவர் காரியத்தில் இறங்கியிருந்தால் அரசு பின்வாங்க முடியாது என்று மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. விதிப்படி உங்களுக்குத் தகுதி இருந்தால் நிலைமை இன்னும் தெளிவு. அந்த உரிமை விதியிலிருந்து வருகிறது. "வராது" என்று ஒருவர் சொன்னதால் அது போய்விடாது.

கூடுதலாகக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டால்

இன்னொரு வகைத் தவறும் உண்டு. அலுவலகமே கணக்கைத் தப்பாகப் போட்டுப் பல வருடம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெறும் நேரத்தில் லட்சக்கணக்கில் "ரெக்கவரி" என்று ஓலை அனுப்பும். பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மஸீஹுக்கும் இடையிலான வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதற்கு எல்லை வகுத்தது. கடைநிலை, எழுத்தர் நிலை ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமும் பிடித்தம் கூடாது. ஐந்தாண்டுகளுக்கு மேல் கொடுத்துவந்த தொகையையும் திருப்பிக் கேட்கக் கூடாது. 2022இல் கேரளத்தின் ஓய்வுபெற்ற ஆசிரியர் தாமஸ் டேனியல் வழக்கிலும் இதே நிலைப்பாடுதான். அவர் ஏமாற்றவில்லை, விதியைத் தப்பாகப் படித்தது துறை. ஆகவே பிடித்தம் ரத்து.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. "கூடுதலாக வந்தால் திருப்பித் தருவேன்" என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்த ஒருவரிடம் பிடித்தம் செய்வதை 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்ப்பது அவசியம். இந்தத் தீர்ப்புகள் அரசு ஊழியர்கள் தொடர்பானவை. உதவித்தொகை பெறுகிறவர்களும் தங்கள் மனுவில் இந்த நியாயத்தை எடுத்துச் சொல்லலாம். பிரிட்டனில் வீட்டு வாடகை உதவித்தொகைக்கான விதியிலேயே இது இருக்கிறது: அதிகாரியின் தவறால் கூடுதல் தொகை வந்து, அது தவறு என்று பயனாளி அறிந்திருக்க நியாயமில்லை என்றால் திருப்பிக் கேட்க முடியாது.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், "தகுதியில்லை" என்று வாயால் சொன்னாலும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சொன்னவரின் பதவி, கவுண்டர் எண், தேதி, நேரம் ஆகியவற்றை அன்றைக்கே குறித்து வையுங்கள்.

இரண்டாவது, எழுத்தில் முறையிடுங்கள். நீளமாக எழுத வேண்டியதில்லை: "இந்தத் தேதியில் உங்கள் அலுவலகத்தில் எனக்குத் தகுதியில்லை என்று கூறப்பட்டது. அதை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்தேன். நடைமுறையில் உள்ள அரசாணைப்படி எனக்குத் தகுதி உண்டு. தாமதத்தை மன்னித்து என் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். மறுப்பதானால் காரணத்தை எழுத்துமூலம் தர வேண்டும்." குறைதீர் மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்று 2015ஆம் ஆண்டு அரசாணை எண் 99 சொல்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். ராஜாஜி சாலையில் உள்ள சென்னை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் நாளிலும், முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைத்தும் பதிவு செய்யலாம்.

மூன்றாவது, தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "ஏன் நிராகரித்தீர்கள்?" என்று கேள்வியாகக் கேட்டால் தட்டிக்கழிக்க இடமுண்டு. "நிராகரிப்பு உத்தரவின் நகல், கள ஆய்வு அறிக்கையின் நகல், பின்பற்றிய அரசாணையின் நகல்" என்று ஆவணங்களாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்வது அரசு அலுவலகத்தின் கடமை என்று அதே சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு கூறுகிறது.

நான்காவது, மேல்முறையீட்டுக் கெடு. உரிமைத்தொகை நிராகரிக்கப்பட்ட குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய 2023இல் வழி தரப்பட்டது. ஒவ்வொரு திட்டத்துக்கும் இப்படி ஒரு கெடு இருக்கும். யாராவது "பார்த்துக்கலாம்" என்று சொல்கிறார்களே என்று அதைத் தவறவிடாதீர்கள்.

ஐந்தாவது, சட்டத்தின் படிகள். பி.எஃப். உறுப்பினர் நுகர்வோர்தான் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே பி.எஃப். சேவையில் குறை என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. அரசு ஊழியர்களின் பணிப்பலன் பிரச்சினைக்கு அந்தக் கதவு திறக்காது. மாநில அரசு ஊழியர்களும் நலத்திட்டப் பயனாளிகளும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும். நோட்டீஸ் தராமல், உங்கள் பக்கத்தைக் கேட்காமல் உதவித்தொகையை நிறுத்தியிருந்தால் மனுவில் அதுவே வலுவான வாதம். வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

கவுண்டரில் இருப்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. மாறிய அரசாணை கைக்கு வராமலே வேலை பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தத் தாமதத்தின் விலையை மாதச் செலவுக்கு அல்லாடும் குடும்பம் கட்டக் கூடாது. அடுத்த முறை "உங்களுக்கு வராது" என்று யாராவது சொன்னால் கோபப்படாமல், "அதை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை, எழுதித் தருவது அவர்கள் கடமை.