ஆயில் கசிந்தால் பேக்கிங்கைத் திட்டாதீர்கள்

பழைய புல்லட் ஒன்று ராத்திரி எங்கே நின்றது என்பதைக் காலையில் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். காசு அகலத்துக்காவது ஒரு கறுப்பு வட்டம் கிடக்கும். "பேக்கிங் போயிருக்கும்ணே, மாத்திடலாம்" என்பார் மெக்கானிக். புதுப் பேக்கிங் வரும், அனபாண்ட் பசை பூசுவார்கள், போல்ட்டுகளை இறுக்குவார்கள். கொஞ்ச நாளில் வட்டம் மறுபடியும் வரும், இம்முறை வேறு மூலையில். ஓரிடத்தை அடைத்தால் இன்னோரிடத்தில் கசிகிறது என்றால், உள்ளேயிருந்து ஏதோ தள்ளுகிறது என்று அர்த்தம்.

தள்ளுவது காற்று. கிரேங்க் சுழலும் அந்த அடிப்பெட்டிக்குள், அதாவது கிரேங்க்கேஸுக்குள், வெளியைவிட அழுத்தம் கூடிவிட்டால் பலவீனமான இணைப்பு எதுவோ அதன் வழியாக ஆயில் வெளியே வரும். இந்த அழுத்தத்தை அளக்க விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் மட்ட டியூப், பழைய கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டில், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய புது டிரிப் செட், இவை போதும்.

பிஸ்டனுக்குக் கீழே

என்ஜின் பாடம் எப்போதும் பிஸ்டனின் தலைக்கு மேல் நடப்பதையே சொல்லித்தரும். கீழே நடப்பதை யாரும் அதிகம் கண்டுகொள்வதில்லை. பிஸ்டன் இறங்கும்போது மேலே எவ்வளவு இடம் கூடுகிறதோ, கீழே அவ்வளவு இடம் குறைகிறது. ஒற்றை சிலிண்டர் என்ஜின் தன் அடிவயிற்றில் ஒரு காற்று பம்ப்பையும் சேர்த்தே ஓட்டிக்கொண்டிருக்கிறது.

புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டும் 1955-ல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் இருந்து பல்லாண்டுகள் வெளிவந்த 350 புல்லட்டின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.; ஆக 346 சி.சி. பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே வந்தால் கிரேங்க்கேஸில் 346 சி.சி. இடம் காணாமல் போகிறது. பிஸ்டன் மேலே இருக்கையில் உள்ளே இரண்டு லிட்டர் காற்று இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். காற்று தப்பிக்க வழியே இல்லாவிட்டால் பிஸ்டன் கீழே வரும்போது அழுத்தம் சுமார் 21 சதவீதம் ஏறும். வளிமண்டல அழுத்தம் 10.3 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். அதில் 21 சதவீதம் என்றால் இரண்டு மீட்டருக்கு மேல்.

சரி, காற்றை வெளியே விட பிரீதர் குழாய்தான் இருக்கிறதே? நிமிடத்துக்கு 3,000 சுற்றில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர ஆகும் நேரம் வினாடியில் நூறில் ஒரு பங்கு. அதற்குள் 346 சி.சி. காற்றும் உள்விட்டம் 12 மி.மீ. உள்ள ஒரு குழாய் வழியே போய்விட வேண்டுமானால், காற்றின் வேகம் வினாடிக்கு 300 மீட்டரைத் தாண்ட வேண்டும். ஒலியின் வேகமே வினாடிக்கு 340 மீட்டர்தான். ஆகவே மொத்தக் காற்றும் போய் வருவது நடக்காத காரியம். பெரும்பகுதி உள்ளேயே அமுங்கி விரிகிறது. சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு அடித்தால் கைப்பிடி தானாகத் திரும்பி வருமே, அதே கதை.

எல்லா என்ஜினும் இப்படி இல்லை. நேர்வரிசை நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் ஏற, இரண்டு இறங்கும். உள்ளே இருக்கும் இடம் ஏறக்குறைய மாறாது. பி.எம்.டபிள்யூ.வின் பாக்ஸர் என்ஜினில் இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் உள்நோக்கி வருவதால் துடிப்பு இரட்டிப்பாகும். இரு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி இறங்கும் பழைய பிரிட்டிஷ் ட்வின்களுக்கும் அதே தலைவலி. டூ ஸ்ட்ரோக் யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கோ இந்த பம்ப் இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. கிரேங்க்கேஸ் அழுத்தம்தான் அங்கே பெட்ரோல் கலவையை மேலே அனுப்புகிறது. அதனால் இங்கே சொல்வதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மட்டும்.

ரிங்கைத் தாண்டி வருவது

பம்ப் வேலை மட்டும் இருந்தால் கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். கூடவே இன்னொன்று நடக்கிறது. எரியும் வாயுவிலும் எரியாத கலவையிலும் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. இதை 'புளோ-பை' என்பார்கள். புது என்ஜினிலும் இது உண்டு. ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியே அதற்கு ஒரு வாசல். போர் தேயத் தேய வாசல் அகலமாகிறது. இந்த வாயு ஒருவழிப் பயணி, திரும்பிப் போவதில்லை. வெளியேற வழி குறுகலாக இருந்தால் சராசரி அழுத்தம் மேலே ஏறி அங்கேயே நிற்கும்.

ஒரு காலத்தில் இந்த வாயுவை அப்படியே தெருவில் விட்டார்கள். லாஸ் ஏஞ்சலீஸை மூடிய புகைமூட்டத்துக்கு வாகனங்கள் கக்கும் ஹைட்ரோகார்பன் முக்கியக் காரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் கால்டெக் விஞ்ஞானி ஆரி ஹாகன்-ஸ்மித் காட்டினார். பிறகு பார்த்தால், கார்கள் வெளிவிட்ட ஹைட்ரோகார்பனில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை சைலன்சர் வழியாக வரவேயில்லை. கிரேங்க்கேஸில் இருந்து வந்தது. கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களில் இருந்து அந்த வாயுவை மறுபடி என்ஜினுக்கே உறிஞ்சக் கொடுக்கும் வால்வு பொருத்தப்பட்டது. இன்றைய பைக்குகளில் பிரீதர் ஹோஸ் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய்ச் சேர்வதும் இதே வழக்கம்தான்.

பழைய புல்லட்டில் பிரீதர் வாயில் வாத்தின் அலகு போன்ற ஒரு ரப்பர்த் துண்டு தொங்கும். உள்ளே அழுத்தம் கூடும்போது அலகு திறக்கும், குறையும்போது ஒட்டிக்கொள்ளும். காற்று போகலாம், வரக் கூடாது. இந்த ஒருவழி வேலை ஒழுங்காக நடந்தால், சில சுற்றுகளிலேயே உள்ளிருக்கும் காற்று குறைந்து, சராசரி அழுத்தம் வெளியைவிடச் சற்றுத் தாழ்ந்து நிற்கும். அப்போது பேக்கிங்கில் நூலிழைச் சந்து இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர ஆயில் வெளியே வராது. ரப்பர் வெயிலில் விறைத்து வாய் பிளந்துவிட்டால் இந்தச் சாதகம் போச்சு.

மட்ட டியூப் மானோமீட்டர்

இங்கே அளக்க வேண்டிய அழுத்தம் மிகச் சிறியது. டயர் கேஜில் ஒரு பி.எஸ்.ஐ. என்பது ஒரு சின்னக் கோடு. தண்ணீரில் அது 70 செ.மீ. உயரம்! கேஜ் முள் அசையவே அசையாத இடத்தில், தண்ணீர் விரற்கடைக் கணக்கில் பேசும். காற்றழுத்தம் அளக்கும் டாரிசெல்லியின் பாதரசக் குழாய்க்குப் பின் வந்த தலைமுறையில், 1661-ல் டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் தண்ணீர் மட்டத்தால் அழுத்தம் காட்டும் 'யு' வடிவக் குழாயை, அதாவது மானோமீட்டரை, உருவாக்கினார் என்பார்கள். இத்தனை நூற்றாண்டு ஆகியும் சிறிய அழுத்தத்துக்கு இதைவிட எளிய கருவி வரவில்லை.

ஒரு பலகையில் மட்ட டியூபை 'யு' வடிவில் வளைத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு காலும் ஒரு மீட்டர் உயரம் இருக்கட்டும். நடுவில் இஞ்ச் டேப் ஒட்டுங்கள், செ.மீ. பக்கம் தெரியும்படி. பாதி உயரத்துக்குத் தண்ணீர். அதில் ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போட்டால் எட்ட இருந்தே தெரியும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் சுவரில் ஒட்டித் தயங்காது. ஒரு கால் வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்கும், மற்றது என்ஜினுக்கு.

அளவை எடுப்பதில் ஒரு கவனம் வேண்டும். ஒரு காலில் தண்ணீர் 3 செ.மீ. இறங்கினால் மற்றதில் 3 செ.மீ. ஏறும், அழுத்தம் 6 செ.மீ. இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. 6 செ.மீ. அற்பமாகத் தோன்றலாம். 10 செ.மீ. தண்ணீர் அழுத்தம் என்றால், பத்துக்குப் பத்து செ.மீ. அளவுள்ள மூடியை ஒரு கிலோ எடை இடைவிடாமல் உள்ளிருந்து தள்ளுகிறது என்று பொருள். தேய்ந்த ஆயில் சீலுக்கு அது தாராளம்.

என்ஜினில் எங்கே சொருகுவது? பெரும்பாலான வண்டிகளில் ஆயில் ஊற்றும் டிப் ஸ்டிக் துளை வசதி. உபரியாக ஒரு மூடி வாங்கித் துளைபோட்டு நிப்பிள் வையுங்கள். பழைய புல்லட்டில் ஒரே நட்டில் நிற்கும் டேப்பெட் கவரை இப்படிச் செய்யலாம். பிரீதரில் மட்டும் சொருகாதீர்கள். அதை அடைத்துவிட்டு அளந்தால் நோயாளியின் மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு பார்த்த மாதிரி ஆகிவிடும், சீலும் பிதுங்கிவிடலாம்.

துடிப்பை அடக்க

டியூபை நேராக என்ஜினில் சொருகி ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் வினாடிக்கு 15 துடிப்பு. தண்ணீரின் விளிம்பு மங்கலாகி நடுங்கும். ஆக்சிலேட்டரைச் சட்டென முறுக்கினால் ஆரஞ்சு நிறத் தண்ணீர் உச்சியில் இருந்து சட்டைமேல் தெறிக்கும். நமக்கு வேண்டியது சராசரி. அதற்குத்தான் டிரிப் செட்டும் பாட்டிலும்.

என்ஜினில் இருந்து முதல் ஒரு அடிக்குப் பெட்ரோல் ஹோஸ், ஏனென்றால் டிரிப் டியூப் சூட்டில் இளகும். அடுத்து டிரிப் செட்டின் மெல்லிய டியூப், அதன் ரோலரோடு. அங்கிருந்து ஹார்லிக்ஸ் பாட்டில். மூடியில் இரண்டு நிப்பிள், சுற்றிலும் எம்-சீல். பாட்டிலில் இருந்து மானோமீட்டர். மெல்லிய டியூப் துடிப்பைத் தடுக்கிறது, பாட்டிலின் காற்று மிச்சத்தை விழுங்குகிறது. என்ஜின் உறிஞ்சினாலும் தண்ணீர் பாட்டிலோடு நின்றுவிடும், ஆயிலில் கலக்காது. ரோலரை மெல்ல மூட மூட விளிம்பின் நடுக்கம் அடங்கி, தண்ணீர் ஒரு கோட்டில் வந்து நிற்கும். எண்ணை அப்போது எழுதுங்கள்.

குண்டூசித் துளையால் துடிப்பை அடக்குகிறவர்களும் உண்டு. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீண்ட மெல்லிய குழாயில் காற்று நிதானமாக ஓடும்போது ஓட்டம் அழுத்தத்துக்கு நேர்விகிதம். கிடைப்பது உண்மையான சராசரி. கூரிய துளையில் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். அதனால் குறுகிய, கூர்மையான அழுத்த எழுச்சி தன் பங்கைவிடக் குறைவாகவே கணக்கில் சேரும். ரோலரை இறுக நசுக்கினால் அதுவும் துளை மாதிரி நடந்துகொள்ளும். எனவே டியூபின் நீளத்தை நம்புங்கள், ரோலரை வேண்டிய மட்டும் மூடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே டியூப், அதே பாட்டில்.

எண் என்ன சொல்கிறது

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். கிரேங்க்கேஸ் வாயு தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. என்ஜின் நன்றாகச் சூடேறட்டும். முதலில் ஐடிலிங்கில் ஓர் அளவு. அடுத்து வேகத்தை ஏற்றி இன்னோர் அளவு; ஆர்.பி.எம். மீட்டர் இல்லாத வண்டியில் ஐடிலிங் ஸ்க்ரூவை ஒரு முழுத் திருப்பு ஏற்றினால் போதும்.

என்ஜின் பக்கத் தண்ணீர் ஏறி நின்றால் உள்ளே அழுத்தம் குறைவு. பிரீதர் வால்வு தன் வேலையைச் செய்கிறது. இரண்டும் ஏறக்குறைய சமமாக நின்றால், வால்வு இல்லாத திறந்த பிரீதருக்கு அது இயல்பு. ஒருவழி வால்வு உள்ள வண்டியில் அப்படி நின்றால் வால்வு வாய் பிளந்திருக்கலாம், அல்லது எங்கோ இணைப்பில் காற்று உள்ளே நுழைகிறது.

என்ஜின் பக்கத் தண்ணீர் இறங்கி நின்றால் அடுத்த சோதனை பிரீதர் ஹோஸ். அதைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அளவு சடாரென விழுந்தால் ஹோஸ் மடங்கியிருக்கிறது, அடைத்திருக்கிறது, அல்லது வால்வைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். செலவு மிகக் குறைவு. கழற்றியும் விழவில்லை, முறுக்க முறுக்க ஏறுகிறது என்றால் ரிங் பக்கம் சந்தேகப்படலாம். அப்போதும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே சிலிண்டரைக் கழற்ற வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்டாண்டில் போட்டு ரேஸ் செய்வது சுமை ஆகாது. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலை ஏறும்போது ரிங்கைத் தாண்டி வரும் வாயு இதைவிட மிக அதிகம். ஆகவே ஒரே ஒரு நாள் எடுத்த எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியின் எண்ணோடு ஒப்பிடுவதிலும் பொருளில்லை. ஒப்பிட வேண்டியது அதே வண்டியின் பழைய எண்ணோடு.

ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் தேதி, ஓடிய கிலோமீட்டர், இரண்டு அளவுகள், இவ்வளவும் ஒரு நோட்டில் இருக்கட்டும். எண் ஏறிக்கொண்டே போனால் ரிங்குக்கும் போருக்கும் பணம் சேர்க்கத் தொடங்கலாம். அசையாமல் நின்றால், "ரீபோர் போட்டே ஆகணும்" என்று சொல்கிறவரிடம் அந்த நோட்டை நீட்டலாம்.