காற்றாலையைக் கடலில் வைத்தால் அலை என்ன செய்யும்?

மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியதிலிருந்து ஒரு கருத்து திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. "ஊருக்குள் வேண்டாம் என்றால் கடலில் கொண்டுபோய் வைக்கலாம்தானே?" கேட்பதற்கு இலகுவான தீர்வுதான். ஆனால் கடலில் காற்று மட்டுமல்ல, அலையும் இருக்கிறது.

ஏறத்தாழ 60 மீற்றர் ஆழம் வரை கடலடியில் தூணை ஊன்றி நிறுத்தலாம். அதற்கு அப்பால் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே காற்றாலையை மிதக்கவிட்டு, சங்கிலிகளால் நங்கூரமிடுகிறார்கள். இவ்வகையில் உலகின் முதலாவது காற்றாலைப் பண்ணையான ஹைவிண்ட், 2017 ஒக்டோபரில் ஸ்கொட்லாந்தின் பீற்றர்ஹெட் நகருக்கு அப்பாலுள்ள கடலில் இயங்கத் தொடங்கியது. தலா 6 மெகாவோட் வலுக்கொண்ட ஐந்து காற்றாலைகள் அங்கே மிதக்கின்றன.

அலை எவ்வளவு உயரம் என்பதையே நாம் பார்க்கிறோம். பொறியியலாளர்கள் முதலில் கேட்பது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் எத்தனை செக்கன் என்பதையே. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு பிள்ளையாலும் உயரமாக ஆட்ட முடியும். மிதக்கும் மேடைக்கும் அப்படியொரு சொந்தத் தாளம் உண்டு. கடல் அலைகள் பெரும்பாலும் 5 முதல் 20 செக்கன் இடைவெளியில் வருகின்றன. மேடையின் தாளமும் அதற்குள் விழுந்துவிட்டால் நடுத்தர அலையே அதைப் பலமாக ஆட்டிவிடும்.

ஹைவிண்ட் இதற்குக் கண்ட வழி, நீருக்குள் ஏறத்தாழ 78 மீற்றர் இறங்கும் நீண்ட உருளை. அதன் அடியில் பாரம் நிரப்பப்பட்டிருக்கிறது. அதனால் அதன் ஆட்டம் 25 செக்கனுக்கும் மேற்பட்ட மந்தமான ஆட்டமாகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. அலையின் அசைவு கீழே போகப்போகக் குறைந்து, அலைநீளத்தின் பாதி ஆழத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும். 10 செக்கன் அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 156 மீற்றர், பாதி 78. அதாவது உருளையின் அடிப்பகுதி கிட்டத்தட்ட அமைதியான நீரில் நிற்கிறது. தொடங்கிய சில வாரங்களிலேயே 8 மீற்றருக்கும் அதிகமான அலைகளைக் கொண்ட புயலை அது தாங்கியது.

புயலை விடத் தொல்லை தருவது அன்றாட அலைதான். 10 செக்கனுக்கு ஓர் அலை என்றால் வருடத்துக்கு 30 இலட்சத்துக்கு மேல். அடிமேடை ஒரு பாகை சாய்ந்தால் 100 மீற்றர் உயரத்திலுள்ள மின்பிறப்பாக்கி ஒன்றரை மீற்றருக்கு மேல் நகரும். இரும்பு, பற்றவைப்பு, சங்கிலி, கடலுக்குள் தொங்கும் மின்கம்பி எல்லாமே இப்படி ஆடி ஆடித்தான் களைத்துப்போகின்றன. காற்றாலையின் தானியங்கிக் கட்டுப்பாடும் சில நேரம் எதிரியாகிவிடும். மேடை முன்னால் சாயும்போது காற்று கூடியதாக அது கருதி இறக்கைகளைத் திருப்பும். காற்றின் தடை குறைந்து மேடை மேலும் சாயும். மிதக்கும் காற்றாலைக்கென்றே கட்டுப்பாட்டு முறையை மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

பழுதுபார்ப்பும் சுலபமல்ல. 2024இல் பெரிய திருத்த வேலைக்காக ஹைவிண்டின் ஐந்து காற்றாலைகளும் நோர்வே வரை இழுத்துச் செல்லப்பட்டன. அலையில் ஆடும் கோபுரத்துக்குப் பக்கத்தில், தானும் ஆடும் கப்பலிலிருந்து பாரந்தூக்கியை இயக்குவது அவ்வளவு ஆபத்தானது.

இனி நம் கடலுக்கு வருவோம். மன்னாரை அண்டிய பாக்குநீரிணை ஆழம் குறைந்தது. அங்கே மிதக்கும் மேடைக்கு அவசியமே இல்லை, தூண் ஊன்றலாம். தெற்கில் கடல் விரைவாக ஆழமாகிறது, மிதக்கும் வகைதான் பொருந்தும். ஆனால் அங்கே தென் சமுத்திரத்திலிருந்து வரும் நீண்ட இடைவெளி அலைகள் உண்டு. கரையில் காற்றே இல்லாத நாளிலும் கடல் பொங்கி வீதிவரை வருவதை வெலிகம, ஹம்பாந்தோட்டை மக்கள் அறிவார்கள். பொறியியலாளர் தவிர்க்க விரும்பும் நீண்ட தாளத்தை நெருங்குபவை அவைதான். ஐரோப்பிய வடிவத்தை அப்படியே இறக்குமதி செய்து மிதக்கவிட முடியாது. பல வருட அலைப் பதிவுகள் முதலில் வேண்டும்.

மீனவர்களின் கணக்கு வேறு. ஒவ்வொரு மேடையிலிருந்தும் நங்கூரச் சங்கிலிகள் பல நூறு மீற்றர் தூரம் விரிந்து கிடக்கும். அந்த வட்டத்துக்குள் இழுவை வலை போட முடியாது. "கடலில் வைக்கலாம்தானே" என்று கரையிலிருந்து சொல்பவர்கள், எந்தக் கடலில், யாருடைய வலைப்பாட்டில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.